ஜனவரியில் ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள்

ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வயது 42. சொந்த ஊர் மதுரை. ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்காளர். அவருடைய வேலையை வைத்துத்தான் கணவருக்கும் பள்ளி செல்லும் மகனுக்கும் விசா. அங்கே குடியேறிய பிறகு வந்த நான்கு குளிர்காலங்களிலும் ஒரே கதை. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கும் வாரத்தில் தொடங்குகிறது. மின்னஞ்சலை மூன்று முறை படித்தாலும் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி நினைவில் இல்லை. ஒரு வாடிக்கையாளரின் வருமானத்தில் 5,640 என்பதை 5,460 என்று ஏற்றிவிட்டார். மேலதிகாரி அதைக் கண்டுபிடித்து, "இது மூன்றாவது தடவை" என்றாராம். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடிக்குப் போனவருக்கு, தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் பாலே ஞாபகம் வந்திருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கே கண் செருகுகிறது, சனி ஞாயிறு பதினோரு மணி வரை படுக்கை. சோறும் இனிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும் நாக்கு, ஏறிய எடை. ஏப்ரல் வந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். "கோடையில் நான் வேறொரு ஆள், டாக்டர்" என்கிறார்.

மதுரையில் இருக்கும் அப்பாவுக்கு 71 வயதில் அல்சைமர் என்று சொல்லியிருக்கிறார்கள். "எனக்கு இப்பவே ஆரம்பிச்சிடுச்சா?" என்பது முதல் கேள்வி. இணையத்தில் ஒரு நினைவாற்றல் சோதனை செய்து, மதிப்பெண் குறைந்து, இரவெல்லாம் அழுதிருக்கிறார். அம்மா வல்லாரை லேகியம் அனுப்பியிருக்கிறார். கணவரோ, "இங்க எல்லாருக்கும்தான் இருட்டா இருக்கு, உனக்கு மட்டும் என்ன" என்கிறார். குளிர்கால மனச்சோர்வுக்கென்று விற்கும் பிரகாசமான விளக்குப் பெட்டி (லைட் பாக்ஸ்) ஒன்றை வாங்கி, இரவில் சீரியல் பார்க்கும்போது பக்கத்தில் எரியவிட்டுப் பார்த்ததில் பலனில்லை, இருந்த தூக்கமும் கெட்டதுதான் மிச்சம். டாக்டரிடம் போனால் அலுவலகத்துக்குத் தெரிந்து விசாவுக்கு ஆபத்து வருமோ என்று பயந்து போகவேயில்லை. ஜனவரியில் ராஜினாமா செய்துவிட்டு ஊரோடு போய்விடலாமா என்று கேட்கிறார். கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி: "சில நாள் தூங்கப் போகும்போது, அப்படியே எழுந்திருக்காம இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது."

அன்புள்ள சகோதரி,

ஓரத்தில் எழுதிய அந்த வரிதான் எனக்கு முதலில் முக்கியம். அதனால் இந்தப் பதிலை அச்சேறும் வரை வைத்திருக்காமல் உங்களுக்குத் தனியாகவும் அனுப்பிவிட்டேன். எழுந்திருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் மனச்சோர்வில் பலருக்கும் வருவதுதான். ஆனால் அதை மனதுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கே உங்கள் கணவரிடம் அந்த வரியை எழுதியபடியே சொல்லுங்கள், மழுப்ப வேண்டாம். எண்ணம் வலுத்தால், அல்லது எப்படிச் செய்வது என்று மனம் யோசிக்க ஆரம்பித்தால், நேரம் பார்க்காமல் 111 எண்ணை அழைத்து மனநல உதவி வேண்டும் என்று சொல்லுங்கள். அவசரம் என்றால் 999. யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தால் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 இரவு பகலாக இயங்குகிறது, கட்டணம் இல்லை. இதைத் தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கு டெலி மனஸ் எண் 14416.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். உங்களுக்கு இருப்பது, குளிரோடு வந்து வெயிலோடு போகும் பருவகால மனச்சோர்வு என்று நினைக்கிறேன்.

அப்பாவின் மறதி வேறு, உங்களுடையது வேறு

அல்சைமர் ஏப்ரலில் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்டோபரில் திரும்பி வருகிற நோய் அல்ல. மெதுவாக, ஒரே திசையில் போவது அது. நான்கு வருடமாகக் குளிரோடு வந்து வெயிலோடு போகிற மறதிக்கு அந்தப் பெயரை வைக்க இடமே இல்லை. நாற்பதுகளில் தொடங்கும் பரம்பரை வகை ஒன்று உண்டு, ஆனால் அது மிக அபூர்வம். வரும் குடும்பங்களில் முந்தைய தலைமுறைக்கும் அதே இளம் வயதில்தான் வந்திருக்கும். எழுபதைத் தாண்டி அப்பாவுக்கு வந்தது அந்த வகையில் சேராது.

உங்கள் கடிதமே எனக்கு ஒரு பரிசோதனை மாதிரி உதவியது. எந்தத் தொகை எப்படி மாறியது, எந்தக் கிழமை, மேலதிகாரி எந்தச் சொல்லைச் சொன்னார், அப்போது அறையில் வேறு யார் இருந்தார் என்று இரண்டு பக்கம் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். மறதி நோய் வந்தவர் இப்படி எழுத மாட்டார். அவருடைய மறதியைப் பற்றிப் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான் வந்து சொல்வார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். தவறுகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், கோடையைப் பற்றி "நன்றாக இருந்தேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஒரு நாள், ஒரு இடம், ஒரு பேச்சுகூட அதில் இல்லை. மனச்சோர்வில் நினைவு இப்படித்தான் ஒருபக்கமாகச் சாய்கிறது. கெட்டது துல்லியமாக நிற்கும், நல்லது மொத்தமாக மங்கிவிடும். "நான் எப்பவுமே இப்படித்தான் சொதப்புறேன்" என்ற உங்கள் முடிவு அந்தச் சாய்வான நினைவிலிருந்து வந்தது. அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் எதற்காக மறக்கிறது?

நினைவுக்கு முன்னால் கவனம் வேலை செய்ய வேண்டும். உங்கள் தொழிலிலேயே சொல்வதென்றால், பதிவே செய்யாத ரசீதைப் பேரேட்டில் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்? பாலை அடுப்பில் வைத்த அந்த நொடியில் உங்கள் மனம் அலுவலகத்தில் இருந்தது. "பால் இருக்கிறது" என்பது உள்ளே பதியவே இல்லை. மனச்சோர்வில் வருகிற மறதியில் பெரும்பகுதி இந்த வகைதான்.

5,640 கதையையும் பார்ப்போம். ரசீதில் பார்த்த எண்ணைத் திரையில் ஏற்றும் வரை சில நொடிகள் மனதில் ஏந்தி வைத்திருக்க வேண்டும். அந்த ஏந்தலுக்கு மூளையில் இருக்கும் இடம் மிகக் குறைவு. "மறுபடி தப்பு பண்ணிடுவேனோ" என்ற கவலை அந்த இடத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டால் நடு இலக்கங்கள் இடம் மாறும். மூன்று முறை படித்தும் மின்னஞ்சல் மனதில் நிற்காததும் இதனால்தான். கூடவே யோசனையின் வேகமும் குறைகிறது. எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்துவதும், சின்ன முடிவுகளை எடுப்பதும் மலைப்பாகத் தோன்றுகிறது.

இதற்கு மேல் வெளிச்சக் குறைவு. நம் விழித்திரையில் பார்வைக்கான செல்கள் தவிர, நீல நிற வெளிச்சத்தை உணர்ந்து மூளையின் உள்கடிகாரத்துக்குச் "விடிந்துவிட்டது" என்று சொல்லும் தனிச் செல்கள் உண்டு. டிசம்பரில் அபர்தீனில் எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் எழுகிறது, மூன்றரைக்குள் மறைந்துவிடுகிறது. நீங்கள் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிறீர்கள். பலருக்கு உள்கடிகாரம் பின்தங்கிப்போகிறது. ஒன்பது மணிக்கு நீங்கள் மேஜையில் உட்காரும்போது உடம்புக்கு இன்னும் விடியவில்லை. மதுரையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரம் இருக்கும். உங்கள் அம்மாவுக்கும் ஊர்க்காரர்களுக்கும் இது புரியாமல் போவதில் ஆச்சரியமில்லை, அவர்கள் இப்படி ஒரு டிசம்பரைப் பார்த்ததே இல்லை. பருவகால மனச்சோர்வை 1984-ல் மருத்துவ உலகுக்கு முதலில் விவரித்த மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் வெயில் ஊர்க்காரர்தான். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, குளிர்காலத்தில் தன்னுடைய சுறுசுறுப்பே குறைவதைக் கவனித்தவர்.

உங்கள் கணவர் கேட்பதும் நியாயமான கேள்விதான். எல்லோருக்கும்தானே இருட்டு? பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் 28 ஆரோக்கியமான ஆட்களை வெவ்வேறு பருவங்களில் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். கவனத்துக்கான மூளைச் செயல்பாடு கோடையின் மிக நீண்ட பகலை ஒட்டி உச்சத்திலும், டிசம்பரின் குறுகிய பகலை ஒட்டித் தாழ்விலும் இருந்தது. ஆனால் சோதனையில் அவர்கள் எடுத்த மதிப்பெண் குறையவில்லை. நார்வேயின் ட்ரோம்சோவில் சுமார் இரண்டு மாதம் சூரியனே எழாது. அங்கே செய்த ஆய்விலும் குளிர்காலம் வந்தாலே எல்லோருக்கும் மூளை மந்தமாகும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே இருட்டு மட்டும் பிரச்சினை அல்ல. உங்களுக்கு இருப்பது பருவகால மனச்சோர்வாகத்தான் தெரிகிறது, நேரில் பார்க்கும் மருத்துவர் அதை உறுதி செய்ய வேண்டும். அது நோய், சோம்பேறித்தனம் அல்ல. கணவரிடம் இந்தப் பத்தியை அப்படியே காட்டலாம்.

இணையச் சோதனையை விட்டுவிடுங்கள். மனச்சோர்வோடு எழுதும் நினைவாற்றல் சோதனை, காய்ச்சலோடு ஓடும் பந்தயம். மே கடைசியிலும் மறதி தொடர்ந்தால் அப்போது முறையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். மனம் தேறிய பிறகும் கவனம் முழுதாகத் திரும்பச் சிலருக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும், அதனால் மார்ச்சிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம்.

லைட் பாக்ஸ்: பெட்டி சரி, நேரம் தப்பு

வாங்கியதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரவில் போட்டால் பின்தங்கிய கடிகாரத்தை அது இன்னும் பின்னுக்குத் தள்ளும், உங்கள் தூக்கம் கெட்டது அதனால்தான். காலையில் எழுந்த உடனே, முடிந்தால் எட்டு மணிக்குள், தினமும் அரை மணி நேரம். 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று போட்டிருக்கிறதா, புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு தூரத்தில் அந்த 10,000 கிடைக்கும் என்பதும் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஒரு முழத்தை ஒட்டித்தான் வரும், அறையின் மூலையில் வைத்தால் பயனில்லை. விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டாம். முகத்தில் வெளிச்சம் படும்படி வைத்துக்கொண்டு காபி குடிக்கலாம், மகனுக்கு டிபன் பாக்ஸ் கட்டலாம். ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும், நிறுத்தினால் பழையபடி சரியும்.

மதிய இடைவேளையில் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். அலுவலக வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ்தான், மேகமூட்டமான வானம்கூடச் சில ஆயிரம் தரும். சனி ஞாயிறு பதினோரு மணி வரை தூங்குவது ஓய்வு மாதிரித் தோன்றினாலும், திங்கட்கிழமைக் காலையை அதுதான் கொல்கிறது.

விளக்கு எல்லோருக்கும் ஆகாது. சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள், வேறு விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள், வெளிச்சத்துக்கு உடம்பைக் கூச வைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். அப்புறம், "கோடையில் நான் வேறொரு ஆள்" என்ற உங்கள் வரியிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. வேறொரு ஆள் என்றால் எப்படி? நிம்மதியாக, சுறுசுறுப்பாக என்றால் கவலையே இல்லை. நான்கு மணி நேரத் தூக்கம் போதும், பேச்சு நிற்காது, பணத்தை அள்ளி இறைத்தேன், எதற்கெடுத்தாலும் கோபம் என்றால் அது இருமுனை மனநிலைக் கோளாறாக இருக்கலாம். அந்த நிலையில் விளக்கும் சரி, சாதாரண மனச்சோர்வு மாத்திரையும் சரி, அளவுமீறிய அந்தக் கிளர்ச்சி நிலைக்கே தள்ளிவிடக்கூடும். பதில் இரண்டாவது வகை என்றால், டாக்டரைப் பார்க்கும் வரை விளக்கைத் தொடாதீர்கள்.

மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம். கனடாவில் 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் ஃப்ளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் விளக்கும் ஒரே அளவு பலன் தந்தன, இரண்டிலும் மூன்றில் இரண்டு பேருக்கு நல்ல முன்னேற்றம். எனக்கு இவற்றைவிட மதிப்பாகத் தெரிவது பேச்சு வழிச் சிகிச்சை. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் குழுவினர் 177 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு விளக்கும், மறு பாதிக்குக் குளிர்கால மனச்சோர்வுக்கென்றே வடிவமைத்த சிந்தனை, நடத்தைச் சிகிச்சையும் தந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் சமம். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, விளக்குக் குழுவில் நூற்றுக்கு 46 பேருக்கு மறுபடி வந்திருந்தது, பேச்சுச் சிகிச்சைக் குழுவில் 27 பேருக்குத்தான். வருடா வருடம் திரும்பி வருகிற நோய்க்கு இது பெரிய வித்தியாசம்.

வல்லாரை? துவையலாகச் சாப்பிடுங்கள், அம்மா மனசுக்கும் நிறைவு. லேகியத்தைச் சிகிச்சையாக நம்பி மற்றதைத் தள்ளிப் போடாதீர்கள். கடைகளில் மூலிகை மாத்திரையாகக் கிடைக்கும் செயிண்ட் ஜான்ஸ் வோர்ட்டை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மனச்சோர்வு மாத்திரை, கருத்தடை மாத்திரை என்று பலவற்றோடு மோதும்.

வேலை, விசா, சட்டம்

இங்கேதான் உங்கள் கணக்கு தலைகீழாக இருக்கிறது. டாக்டரிடம் போவது ஆபத்து, ராஜினாமா பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். ஜி.பி.யிடம் (உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவரிடம்) நீங்கள் சொல்வது உங்கள் சம்மதம் இல்லாமல் அலுவலகத்துக்குப் போகாது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்ததற்காக வேலை விசாவை ரத்து செய்வதும் இல்லை. ஆனால் நீங்கள் ராஜினாமா செய்தால் நிறுவனம் அதை உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அதன் பிறகு வேறு நிறுவனம் தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ வழக்கமாக 60 நாள் அவகாசம்தான் தருவார்கள். உங்கள் விசாவைத் தொற்றிக்கொண்டிருக்கும் கணவரும், வருட நடுவில் மகனின் படிப்பும் அதில் அடங்கும். எந்த முடிவுக்கும் முன்னால் பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள், நான் வெறும் மருத்துவன்தான்.

பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் உங்களுக்குத் துணை. அன்றாட வேலையைக் கணிசமாகப் பாதிக்கும் மனநோயும் அந்தச் சட்டப்படி உடற்குறைக்குச் சமமான பாதுகாப்பைப் பெறலாம். வருடத்தில் ஐந்து மாதம்தானே என்று சட்டத்தில் தள்ளிவிட முடியாது. திரும்பத் திரும்ப வரக்கூடிய பாதிப்பையும் நீண்டகாலப் பாதிப்பாகவே அது கணக்கில் எடுக்கும். அப்போது நியாயமான மாற்றங்களைச் செய்து தரும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் அவர்களுக்குத் தெரியாத, தெரிந்துகொள்ள வழியும் இல்லாத ஒன்றுக்கு அவர்கள் பொறுப்பாக மாட்டார்கள், நீங்கள் சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகமே எழாது. சொல்வதில் சங்கடமும் இருக்கும், சில மேலதிகாரிகள் ஒரு மாதிரிப் பார்க்கவும் செய்வார்கள். இருந்தாலும், காரணம் தெரியாமல் மூன்றாவது தவறு, நான்காவது தவறு என்று எண்ணப்படுவதைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம். வேலையிடப் பிரச்சினைகளுக்கான ஏக்காஸ் அமைப்பு இதற்கு இலவசமாக ஆலோசனை தரும், மேலதிகாரியிடம் பேசும் முன் அவர்களை அழைத்துக் கேளுங்கள்.

கேட்கும்போது பொத்தாம்பொதுவாக "உதவி வேண்டும்" என்று கேட்காதீர்கள். ஜன்னலோர இருக்கை, பத்து மணிக்குத் தொடங்கும் வேலை நேரம், எண்களை ஏற்றிய பிறகு இன்னொருவர் ஒரு முறை சரிபார்ப்பது, வாய்மொழி உத்தரவுகளை மின்னஞ்சலில் தருவது என்று குறிப்பாகக் கேளுங்கள். ஜனவரி 31 தனிநபர் வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள். உங்கள் அலுவலகத்துக்கு வருடத்திலேயே மிக நெருக்கடியான மாதமும் உங்கள் மூளைக்கு மிக மோசமான மாதமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. இதை மேலதிகாரியிடம் சொல்லலாம், அவருக்கும் அந்த மாதம் தவறில்லாமல் போக வேண்டும். நீங்களாகச் செய்யக்கூடியது: எண் வேலைகளைத் தெளிவு இருக்கும் முற்பகலுக்கு ஒதுக்குங்கள், ஒவ்வொரு தொகையையும் வாய்விட்டுப் படித்து ஏற்றுங்கள், அடுப்பைப் பற்றவைக்கும்போதே போனில் டைமர் வையுங்கள். ஓய்வே தேவை என்றால் ஏழு நாள் வரை நீங்களே எழுதிக் கொடுத்து விடுப்பு எடுக்கலாம், அதற்கு மேல் மருத்துவச் சான்று வேண்டும்.

ஊருக்குத் திரும்புவது தப்பான யோசனை என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் நிலை, அம்மாவின் தனிமை, மதுரை வெயில் எல்லாம் உண்மையான காரணங்கள். இரண்டு மூன்று வாரம் போய் வந்தாலும் மனம் தெளியும், திரும்பிய சில நாளில் பழைய நிலை வரலாம் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒரேயடியாகப் போகும் முடிவை மட்டும் ஜூனுக்குத் தள்ளி வையுங்கள். வெயிலில் உட்கார்ந்து யோசித்தும் மதுரைதான் என்று தோன்றினால், அதை அங்கே வேலை பார்த்து வைத்துக்கொண்டு, மகனின் பள்ளி வருடம் முடிந்த பிறகு, முறையாகச் செய்யலாம். இங்கேயே இருப்பதாக முடிவானால், செப்டம்பர் நடுவிலேயே ஜி.பி.யைப் பார்த்து விளக்கு, பேச்சுச் சிகிச்சை, மாத்திரை என்று அந்தக் குளிர்காலத்துக்கான ஏற்பாட்டைத் தொடங்கிவிடுங்கள்.

ஜி.பி.யிடம் கேட்க வேண்டியவை

துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், அறைக்குள் மறந்துவிடும். நான்கு வருடமாக எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிகிறது, தூக்கம், எடை, எழுந்திருக்க வேண்டாம் என்ற அந்த எண்ணம், கோடைக்கால நிலை. பிறகு ரத்தப் பரிசோதனை: தைராய்டு, பி12, இரும்புச் சத்து, வைட்டமின் டி, சர்க்கரை. சைவச் சாப்பாடு என்று எழுதியிருக்கிறீர்கள், பி12 குறைந்தாலே நினைவும் கவனமும் தடுமாறும், அதைத் தவறவிடக் கூடாது. மாதவிடாய் முறை மாறத் தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள், நாற்பதுகளில் அதுவும் இதே மாதிரி மந்தத்தைத் தரும். வைட்டமின் டி-யைப் பொறுத்தவரை, நம் நிறத்தவர்கள் பிரிட்டனில் வருடம் முழுக்கத் தினமும் 10 மைக்ரோகிராம் எடுப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறது அங்குள்ள சுகாதாரத் துறை. எலும்புக்கு அது நல்லது. மனச்சோர்வை அதுவே தீர்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு மட்டுமல்ல, ஜனவரி 2-க்கும் பொது விடுமுறை உண்டு. அந்த இரண்டு வாரமும் ஜி.பி.யிடம் இடம் கிடைப்பது கஷ்டம். நாளைக் காலை கிளினிக் திறந்ததும் போன் செய்யுங்கள், எதற்காக என்று வரவேற்பில் கேட்டால் "களைப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். "மனச்சோர்வு, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணமும் வருகிறது" என்று முழுதாகச் சொல்லுங்கள். கணவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.